ஃபிக்ஸட் பிரைஸ் ப்ராஜெக்ட், கிளையன்ட் கேட்பது அஜைல்: எப்படிக் கொண்டுபோவது?

புது_லீட் | திங்கள் இரவு 10:18

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு நடுத்தர சர்வீஸ் கம்பெனியில் இருக்கிறேன். டெவலப்பராக இருந்தவனைச் சமீபத்தில்தான் லீட் ஆக்கினார்கள். கையில் வந்திருக்கும் ப்ராஜெக்ட் இது: ஒரு நிதி நிறுவனம், முக்கியமாக நகைக்கடன், கொஞ்சம் வாகனக் கடன். ரொம்ப வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தர வேண்டும். கான்ட்ராக்ட் ஃபிக்ஸட் பிரைஸ், அதாவது விலை முன்னாலேயே முடிவானது. ஸ்கோப் (என்னென்ன கட்டித் தர வேண்டும் என்பது) ஒரு தடித்த ஆவணம். கோ-லைவ் (பயன்பாட்டுக்கு வரும் நாள்) ஏப்ரல் 1, தாமதமானால் பெனால்டி. பணம் முழுக்க மைல்ஸ்டோன்படி: ரிக்வயர்மென்ட் சைன்-ஆஃப், டிசைன் சைன்-ஆஃப், யூஏடி (பயனர்கள் சோதித்து ஏற்பது), கோ-லைவ்.

இதெல்லாம் கையெழுத்தான பிறகு அவர்களுடைய ஐடி ஹெட் வந்து, நாங்கள் அஜைல் முறையில்தான் (சின்னச் சின்னத் துண்டாகக் கட்டி, காட்டி, திருத்திக்கொண்டே போவது) போவோம், இரண்டு வாரத்துக்கு ஒரு டெமோ வேண்டும், வழியில் மாற்றங்கள் வரும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். எங்கள் டெலிவரி மேனேஜரோ, கான்ட்ராக்ட் வாட்டர்ஃபால்தானே (ஒரு கட்டத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த கட்டம்), அப்படியே போ, டெமோ மட்டும் காட்டிக்கொள் என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான். எது சரி? இரண்டையும் கலந்து செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வேளச்சேரி_வாசி | திங்கள் இரவு 10:41

தம்பி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, அஜைல்தான். மாதக்கணக்கில் ஆவணம் எழுதி, அப்புறம் மாதக்கணக்கில் கோடு எழுதி, கடைசியில் யூஏடியில் கிளையன்ட் முதல்முறையாகத் திரையைப் பார்த்து "நான் கேட்டது இது இல்லையே" என்று சொல்வதுதானே வாட்டர்ஃபால்? 2001 பிப்ரவரியில் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதியதே இந்த வேதனை பொறுக்காமல்தான். கான்ட்ராக்டைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவதைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வதற்கு அதிக மதிப்பு என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஐடி ஹெட்டே வாய் திறந்து கேட்கிறார். அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது, விட்டுவிடாதீர்கள்.

மெயின்ஃப்ரேம்_மனிதர் | செவ்வாய் காலை 6:52

வேளச்சேரி நண்பர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி வரலாறு தெரியாமல் சொல்லப்படுவது.

வாட்டர்ஃபால் என்று எல்லோரும் காட்டும் அந்தப் படிக்கட்டுப் படம் 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் வருவது. விண்கலம் சம்பந்தப்பட்ட பெரிய மென்பொருள்களைக் கட்டிய அனுபவத்தில் எழுதினார். அந்தப் படத்தைப் போட்ட கையோடு அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? இதை இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியில் கொண்டுபோய் விடும் என்கிறார். டெஸ்டிங் கடைசியில் வருகிறது, காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க முடியாத விஷயங்கள் அங்கேதான் முதல்முறையாகத் தெரியவருகின்றன, அப்போது திரும்பிப் போக வேண்டுமென்றால் டிசைன் வரை போக வேண்டியிருக்கும், இதுதான் அவர் வாதம். அதற்கு மருந்தாக, புதுவகை மென்பொருள் என்றால் முதலில் சின்னதாக ஒரு முறை கட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் இரண்டாவதைக் கொடு, வாடிக்கையாளரை நடுநடுவே கூப்பிட்டு உட்கார வை என்றெல்லாம் எழுதினார். பெரிய நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் படத்தை எடுத்துக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டன. 1985-ல் அமெரிக்க ராணுவம் கொண்டுவந்த 2167 என்ற தரநிலையைப் படித்தவர்கள் எல்லோரும் இந்தப் படிக்கட்டைத்தான் அதில் பார்த்தார்கள். இரண்டே வருடத்தில், 1987-ல், பிரெட் புரூக்ஸ் தலைமையில் அவர்களே போட்ட குழு, இது வேண்டாம், படிப்படியாக வளர்த்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால் அதற்காக ஒவ்வொன்றையும் முன்கூட்டியே திட்டமிடுவதே தப்பு என்று ஆகிவிடாது. சென்னையில் பாதிக் கம்பெனிகள் வளர்ந்ததே ஒய்2கே வேலையில்தான் (2000-ஆம் வருடத் தேதிப் பிழையைத் திருத்துவது). அதில் ஸ்கோப் தெரியும், தேதி தெரியும், அந்தத் தேதியை எந்த வாடிக்கையாளராலும் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய ப்ரோக்ராம்களை முதலில் பட்டியல் எடுப்போம். இரண்டு இலக்க வருடம் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுவோம். 50-க்குக் கீழே இருந்தால் 20 சேர், மேலே இருந்தால் 19 சேர் என்பதுபோல ஒரு விதியை ஒரே இடத்தில் தீர்மானித்துவிட்டு அதையே ஆயிரக்கணக்கான இடங்களில் போடுவோம். அப்புறம் கணினியின் தேதியை 1999 டிசம்பர் 31-க்கு மாற்றி ஓட்டுவோம், 2000 பிப்ரவரி 29-க்கு மாற்றி ஓட்டுவோம். 100-ஆல் வகுபடும் வருடம் லீப் வருடம் இல்லை, 400-ஆல் வகுபட்டால் லீப் வருடம், இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்ட ப்ரோக்ராம்கள் அங்கேதான் மாட்டும். இந்த வேலைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு டெமோ எதற்கு? யாரிடம் கருத்துக் கேட்பது? வரிசையாகப் போனதுதான் சரி.

ஆகவே புது_லீட் தம்பி, முதலில் கேட்க வேண்டியது உங்கள் ப்ராஜெக்ட்டில் எது ஏற்கெனவே தெரிந்தது, எது இனிமேல்தான் தெரியப்போகிறது என்பது. கடன் கணக்கில் வட்டி விதி, டேட்டா மைக்ரேஷன் (பழைய தகவல்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவது), ஜெனரல் லெட்ஜர் (பொதுக் கணக்கேடு) இணைப்பு எல்லாம் முதல் வகை. அதைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மார்ச் மாதத்தில் தூக்கம் போய்விடும்.

தரவுப்பூச்சி | செவ்வாய் காலை 9:30

மெயின்ஃப்ரேம் சார் எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். இரண்டு முறைகளையும் ஒரே இடத்தில், ஒரே தேவைக்கு வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் கதையைப்போல இன்னொன்று இல்லை. தணிக்கை அறிக்கைகள் பொதுவெளியில் இருப்பதால் வதந்தி இல்லாமல் பேசலாம்.

வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கணினிக்குக் கொண்டுவர அவர்கள் முதலில் எடுத்த முயற்சி விர்ச்சுவல் கேஸ் ஃபைல். 800 பக்கத்துக்கு மேல் ரிக்வயர்மென்ட் ஆவணம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு தேவையே மாறியது, மாற்றங்கள் மேலே மேலே வந்து விழுந்தன. 2005-ல் சுமார் 17 கோடி டாலர் செலவோடு அதைக் கைவிட்டார்கள். அடுத்து 2006-ல் சென்டினல். பெரிய கான்ட்ராக்டர், நான்கு கட்டமாகத் திட்டம். 2010 கோடையில் நிலைமை என்னவென்றால், மொத்த பட்ஜெட் 45.1 கோடி டாலரில் 40 கோடிக்கு மேல் போய்விட்டது, நான்கில் இரண்டு கட்டம்தான் வந்திருந்தது. இதே வழியில் போனால் இன்னும் 35 கோடி டாலரும் 6 வருடமும் ஆகும் என்று வெளியிலிருந்து ஒரு மதிப்பீடும் வந்தது.

அப்போதுதான் எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கான்ட்ராக்டர் ஆட்கள் சுமார் 220 பேரிலிருந்து 40 பேராகக் குறைந்தார்கள். இரண்டு வார ஸ்பிரின்ட் (அஜைலில் ஒரு சுற்று வேலை), ஒவ்வொன்றின் முடிவிலும் ஓடுகிற மென்பொருளைக் காட்ட வேண்டும். 2012 ஜூலையில் சென்டினல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது, அதுவும் அந்த 45.1 கோடிக்குள்.

இதை அஜைலின் வெற்றி என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு இரண்டு விஷயம் அதைவிடப் பெரியதாகப் படுகிறது. ஒன்று, முடிவெடுக்கிறவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். தொழில்நுட்பத் தலைமையே ப்ராஜெக்ட்டை நடத்தியது, ஒரு திரையில் எது வேண்டும் எது வேண்டாம் என்று கேட்கக் கடிதப் போக்குவரத்து தேவைப்படவில்லை. ஸ்பிரின்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது, அஜைலுக்கு மாறிய பிறகும் தேதி தவறியது. 2011 செப்டம்பரில் முடிப்பதாக இருந்தது. அக்டோபரில் நூற்றுக்கணக்கான பயனர்களை ஒரே நேரத்தில் உட்காரவைத்துச் சோதித்தபோது சிஸ்டம் இரண்டு முறை படுத்துவிட்டது. பழைய ஹார்டுவேர் தாங்கவில்லை. ஸ்பிரின்ட்டுக்கு ஸ்பிரின்ட் டெமோ நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதும் இது கண்ணில் படவில்லை, ஏனென்றால் டெமோவில் பத்துப் பேர்தான் இருப்பார்கள். சுமையைத் தாங்குமா என்ற கேள்வியைக் கடைசிவரை தள்ளிவைத்தால் அந்த விஷயத்தில் நீங்கள் வாட்டர்ஃபால்தான், போர்டில் என்ன எழுதி ஒட்டியிருந்தாலும்.

வேளச்சேரி_வாசி | செவ்வாய் காலை 10:05

அப்படியானால் அஜைல் ஜெயித்தது என்றுதானே அர்த்தம் தரவுப்பூச்சி? ஒரே அலுவலகம், ஒரே தேவை, ஒரே பட்ஜெட். கட்டம் கட்டமாகப் போனபோது தோல்வி, ஸ்பிரின்ட்டுக்கு வந்ததும் வெற்றி. ஹார்டுவேர் பிரச்சினையில் சில மாதம் போனது, ஆறு வருடம் போகவில்லையே.

நெல்லை_டெஸ்டர் | செவ்வாய் மதியம் 1:12

வேளச்சேரி தம்பி, எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட். ஆறு வகை அரசு உதவித்தொகைகளை ஒன்றாக்கும் திட்டம், ஆரம்பத்திலிருந்தே அஜைல் என்று அறிவித்துத் தொடங்கினார்கள். 2013 செப்டம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை கொடுத்தது. 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள மென்பொருள் பயனில்லை என்று கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தது, திட்டத்தையே நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. காரணம் என்ன? அந்தத் துறைக்கு இவ்வளவு பெரிய அளவில் அஜைல் பழக்கம் இல்லை, மேற்பார்வை முறையும் பெரிய சப்ளையர்களோடு போட்டிருந்த கான்ட்ராக்ட்டுகளும் பழைய மாதிரியே இருந்தன. அதாவது இப்போது புது_லீட் நிற்கிற அதே இடம். பின்னால் சின்ன அணியை வைத்து டிஜிட்டல் சேவையைப் புதிதாகக் கட்டி, 2014 நவம்பரில் லண்டன் பக்கத்தில் சட்டன் என்ற ஒரே ஒரு பகுதியில் மட்டும் சோதித்து, அப்புறம் மெதுவாகப் பரப்பினார்கள். 2017-க்குள் முடிய வேண்டியது எவ்வளவோ வருடம் தள்ளிப்போனது.

நான் டெஸ்டர். என் மேசையிலிருந்து பார்த்தால் இரண்டு முறையிலும் அடி விழுவது ஒரே இடத்தில்தான். வாட்டர்ஃபாலில் டெவலப்மென்ட் நீண்டுவிடும், கோ-லைவ் தேதி நகராது, நடுவில் எங்களுக்கு ஒதுக்கிய வாரங்கள் சுருங்கும். அஜைல் என்ற பெயரில் நடப்பதைப் பாருங்கள்: இரண்டு வார ஸ்பிரின்ட்டில் கடைசி நாளைக்கு முந்தின நாள் மாலை வரைக்கும் கோடு எழுதிக்கொண்டிருப்பார்கள், அப்புறம் ஏழெட்டு ஸ்டோரி (சின்ன வேலைத் துண்டுகள்) ஒன்றாக டெஸ்டிங் வரிசைக்கு வந்து விழும், மறுநாள் டெமோ. வேலைகளைப் பட்டியலிடும் ஜிராவில் "டன்" (முடிந்தது) என்று நகர்த்திவிட்டு டெஸ்டிங்குக்குத் தனியாக ஒரு ஸ்டோரி போட்டு அடுத்த ஸ்பிரின்ட்டில் சேர்ப்பார்கள். நான்கு ஸ்பிரின்ட் இப்படிப் போனால் சரிபார்க்காத கோடு எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று யாருக்கும் கணக்கு இருக்காது, ஆனால் வெலாசிட்டி சார்ட் (வேலை முடிகிற வேகத்தைக் காட்டும் படம்) அழகாக இருக்கும். இதைத் தடுக்காமல் அஜைல் செய்கிறோம் என்று சொல்வது உங்களையும் கிளையன்ட்டையும் சேர்த்து ஏமாற்றுவது. டெஸ்ட் முடியாமல் எந்த ஸ்டோரியையும் "டன்" என்று நகர்த்தக் கூடாது. லீட் ஆகிவிட்டீர்கள், இந்த ஒன்றில் மட்டும் யார் வந்து கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஓஎம்ஆர்_டெவலப்பர் | செவ்வாய் மாலை 4:40

அக்கா சொன்னதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் இடத்தில் ஸ்டேண்ட்-அப் (தினசரிக் குட்டிக் கூட்டம்) என்பது மேனேஜர் நடத்தும் வருகைப் பதிவு. ஒவ்வொருவரும் எழுந்து நேற்று என்ன, இன்று என்ன என்று ஒப்பிப்பது, 15 நிமிடக் கூட்டம் 50 நிமிடம் ஓடுவது, யாருக்கு எத்தனை ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவுக்கான எண்) என்று எக்செல்லில் போட்டு அப்ரைசலில் எடுத்து நீட்டுவது. இதன் விளைவு என்னவென்றால் இரண்டு பாயின்ட் வேலைக்கு ஐந்து என்று சொல்ல எல்லோரும் கற்றுக்கொண்டார்கள், பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு உதவப் போனால் நம் கணக்கு குறையும். அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரமின் வழிகாட்டியான ஸ்க்ரம் கைடில், டெய்லி ஸ்க்ரம் என்ற இந்தக் கூட்டம் டெவலப்பர்கள் தங்கள் வேலையைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ள என்றுதான் இருக்கிறது, 2020 பதிப்பில் நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகளைக்கூட எடுத்துவிட்டார்கள். இதற்கு வாட்டர்ஃபாலே தேவலை என்று டீமில் வெளிப்படையாகப் பேசுகிறோம். மனசு விட்டுப்போய்தான் சொல்கிறோம்.

கோவை_எம்பெடட் | செவ்வாய் இரவு 8:15

மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன், கொஞ்சம் வேறு உலகம். எங்களுக்கு ஐ.ஈ.சி. 62304 என்ற தரநிலை இருக்கிறது. ஒவ்வொரு தேவைக்கும் எந்த டிசைன், எந்த டெஸ்ட், எந்த ஆபத்தைத் தடுக்கிறது என்று தடம் காட்ட வேண்டும். இதனாலேயே எங்கள் துறையில் வாட்டர்ஃபால் கட்டாயம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி எந்த விதியும் அதில் இல்லை. எந்த வரிசையில் செய்கிறாய் என்று அது கேட்பதில்லை, செய்ததற்குச் சான்று எங்கே என்றுதான் கேட்கிறது. அஜைல் முறையில் இதைச் செய்வது எப்படி என்றே 2012-ல் டி.ஐ.ஆர்.45 என்று ஒரு வழிகாட்டி வந்திருக்கிறது.

நாங்கள் செய்வது: சர்க்யூட் போர்டு ஒருமுறை தயாரிக்கப் போனால் திரும்பி வர வாரங்கள் ஆகும், பணமும் அதிகம், அதனால் ஹார்டுவேர் முழுக்கக் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்து. அதற்கு மேலே ஓடும் மென்பொருள் ஸ்பிரின்ட்டில். நர்ஸ் கைக்குப் போகும் திரை வாராவாரம் மாறும், அலாரம் எப்போது அடிக்க வேண்டும் என்ற விதி மாறவே மாறாது. எதைத் திருத்தினால் செலவு அதிகமோ அதை முன்னாலேயே கெட்டியாக்குகிறோம், எது மலிவோ அதை விட்டுவைக்கிறோம். ஒரே ப்ராஜெக்ட்டில் இரண்டும் இருக்கலாம் புது_லீட், யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

புது_லீட் | செவ்வாய் இரவு 11:02

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மெயின்ஃப்ரேம் சார் சொன்ன கேள்வியோடு இன்று ஸ்கோப் ஆவணத்தைத் திரும்பவும் உட்கார்ந்து படித்தேன். அதில் நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் என்று பல இடங்களில் எண்ணாகவே எழுதியிருக்கிறது. அவர்கள் பழைய மென்பொருளைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இன்னொன்று, நகை அடகு என்றால் ஒரு கடனுக்கு ஒரு வரி, மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று இருக்கிறது. என் அம்மா நகை அடகு வைத்த இடத்தில் நான்கு வளையலில் இரண்டுக்கு மட்டும் பணம் கட்டி மீட்டு வந்திருக்கிறார், இந்த ஆவணப்படி அது முடியாது. ஐடி ஹெட்டிடம் கேட்டேன், கிளையில் விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

மெயின்ஃப்ரேம்_மனிதர் | புதன் காலை 6:30

நல்ல கண் தம்பி உங்களுக்கு. இந்த இரண்டு கண்டுபிடிப்பும் இரண்டு வெவ்வேறு ஜாதி, அதைப் பிரித்துப் பாருங்கள்.

75 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. நிதி நிறுவனங்களுக்கு அது 2012-ல் 60 ஆக இருந்தது, 2014-ல் 75 ஆனது. 2025 ஜூனில் வந்த புது உத்தரவில் தனிநபர் தேவைக்கு வாங்கும் கடனில் இரண்டரை லட்சம் வரை 85, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80, அதற்கும் மேலே 75 என்று மூன்று அடுக்கு ஆக்கியிருக்கிறார்கள். 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் மாறிக்கொள்ள வேண்டும் என்று கெடு. அசலும் வட்டியும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், முதிர்வில் திரும்ப வர வேண்டிய மொத்தத் தொகையை வைத்து இந்த விகிதத்தைக் கணக்கிட வேண்டும். ஆக இது நிச்சயம் மாறும் என்று வரலாறே சொல்கிறது, எப்போது எவ்வளவு என்றுதான் தெரியாது. இதை எந்த ஸ்பிரின்ட்டிலும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் வாரமே டிசைனில் உட்கார்ந்து, விகிதம், தொகை அடுக்கு, எந்தத் தேதியிலிருந்து அமல் என்று ஒரு டேபிளில் வைத்துவிடுங்கள். கோடுக்குள் 75 என்ற எண்ணே எங்கும் இருக்கக் கூடாது. பழைய கடனுக்குப் பழைய விதி, புதிய கடனுக்குப் புதிய விதி, அந்தத் தேதி இல்லாமல் எதுவும் நிற்காது.

பாதி நகையை மீட்பது அப்படி இல்லை. அது கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தினமும் நடப்பது, தலைமை அலுவலகத்தில் ஆவணம் எழுதியவர் மனதுக்கே வந்திருக்காது. இந்த மாதிரி இன்னும் பத்து இருக்கும். வட்டி மட்டும் கட்டிப் புதுப்பிப்பது, கணவர் பெயரில் வைத்ததை மனைவி மீட்க வருவது, அடகுச் சீட்டைத் தொலைத்துவிட்டு வருவது. இதற்குத்தான் டெமோ. அதையும் ஐடி ஹெட்டுக்குக் காட்டிப் பயனில்லை. ஒரு கிளையில் கவுன்டர் ஊழியரையும் நகை அப்ரைசரையும் உட்காரவைத்து, உண்மையான ஒரு கடனைப் போடச் சொல்லிப் பாருங்கள்.

வேளச்சேரி_வாசி | புதன் காலை 8:47

இதை ஏற்றுக்கொள்கிறேன் சார். என் வாதம் திரைக்கும் வேலை ஓட்டத்துக்கும்தான். விகிதம், வட்டி, டேட்டா எல்லாம் முன்னால் முடிவாக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் டெலிவரி மேனேஜர் சொல்வதுபோல ஒப்புக்கு டெமோ காட்டிவிட்டுப் பின்னால் பழைய வழியில் போவதை மட்டும் செய்யாதீர்கள் தம்பி. கிளைக்காரர் சொன்ன மாற்றம் எதுவும் அடுத்த டெமோவில் வரவில்லை என்றால் மூன்றாவது டெமோவுக்கு யாரும் வர மாட்டார்கள்.

ஒப்பந்த_மேசை | புதன் மதியம் 12:20

பத்து வருடத்துக்கு மேல் விலைக்குறிப்பும் கான்ட்ராக்ட்டும் எழுதுகிற பக்கம் இருக்கிறேன். இங்கே எல்லோரும் முறையைப் பற்றிப் பேசுகிறீர்கள், புது_லீட்டைக் காப்பாற்றப் போவதோ புதைக்கப் போவதோ காகிதத்தில் இருக்கிறது. ஸ்கோப், தேதி, விலை மூன்றையும் ஆணியடித்துவிட்டு மாற்றத்தையும் வரவேற்கிறோம் என்று சொன்னால் அந்த மாற்றத்துக்கான நேரத்தை உங்கள் டீமின் சனி, ஞாயிறுகளிலிருந்துதான் எடுப்பார்கள். இது முறைப் பிரச்சினையே அல்ல. யார் நஷ்டத்தைத் தாங்குவது என்ற பிரச்சினை, அதை இரண்டு முறையும் தானாகத் தீர்த்துவைக்காது.

கையெழுத்தான கான்ட்ராக்ட்டையும் திருத்தலாம், எல்லா இடத்திலும் நடப்பதுதான். கிளையன்ட் அஜைல் கேட்கிறார் அல்லவா, அதையே பிடித்துக்கொண்டு ஒரு துணை ஒப்பந்தம் போடச் சொல்லுங்கள். முக்கியமாக இடமாற்றுப் பிரிவு: புதிதாக ஒன்று உள்ளே வந்தால் அதே அளவு உழைப்புள்ள, இன்னும் தொடாத ஒன்று வெளியே போகும், அப்படி இருக்கும்வரை சேஞ்ச் ரிக்வெஸ்ட் (கூடுதல் பணத்தோடு வரும் மாற்றக் கோரிக்கை) கிடையாது, பணம் கிடையாது. மேலே அதிகம் வந்தால் மட்டும் சேஞ்ச் ரிக்வெஸ்ட். கிளையன்ட்டுக்கும் இது பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் விலை பேச வேண்டியதில்லை. அடுத்து, டிசைன் சைன்-ஆஃபில் வரும் பணத்தை ரிலீஸ் ரிலீஸாகப் பிரியுங்கள், நகைக்கடன் ஒரு கிளையில் ஓடினால் இவ்வளவு, வாகனக் கடன் ஓடினால் இவ்வளவு என்று. அப்போது உங்கள் டெலிவரி மேனேஜருக்கும் ஓடுகிற மென்பொருளில்தான் அக்கறை வரும், காகிதத்தில் இல்லை. அவர் கெட்டவர் இல்லை, அவருடைய இன்வாய்ஸ் எதைக் கேட்கிறதோ அதை உங்களிடம் கேட்கிறார்.

அப்புறம் ஆள். கிளையன்ட் பக்கத்தில் ப்ராடக்ட் ஓனர் (எது வேண்டும் என்று முடிவெடுப்பவர்) யார் என்று பதவியோடு எழுதுங்கள். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று ஐடி ஹெட் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள், அங்கேதான் என் வயிறு கலங்கியது. எஃப்.பி.ஐ. கதையில் தரவுப்பூச்சி சொன்ன முதல் விஷயம் இதுதான். கடன் பிரிவில் முடிவெடுக்க அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும், கேள்விக்கு இரண்டு வேலைநாளில் பதில், வராவிட்டால் டீமின் முடிவே இறுதி என்று ஒரு வரி. டெமோவுக்குப் பின் ஐந்து வேலைநாளில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று இன்னொரு வரி. இதைக் கேட்டதும் அவர்கள் தயங்கினால், அஜைல் கேட்டது உங்கள் வேகத்துக்காக மட்டும்தான், அவர்கள் நேரத்தைக் கொடுப்பதற்காக இல்லை என்று புரிந்துகொள்ளலாம். அப்படியானால் வரிசையாக, சைன்-ஆஃபோடு போவதுதான் உங்கள் டீமுக்குப் பாதுகாப்பு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஓஎம்ஆர்_டெவலப்பர் | புதன் மதியம் 1:05

கடைசிப் பத்தியை எங்கள் சேல்ஸ் டீமுக்கு அனுப்பியிருக்கிறேன்.

புது_லீட் | வெள்ளி இரவு 9:36

அப்டேட். டெலிவரி மேனேஜரோடு நேற்று பேசினேன். பணத்தை ரிலீஸாகப் பிரிப்பதை அவர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் ஒப்புக்கொண்டார், டிசைன் சைன்-ஆஃப் எப்போதும் இழுத்துக்கொண்டே போகும், இதில் முதல் பணம் முன்னாலேயே வரும் என்பது அவர் கணக்கு. இடமாற்றுப் பிரிவைக் கிளையன்ட்டின் லீகல் பார்க்கிறது. கடன் செயல்பாட்டுப் பிரிவின் துணைப் பொது மேலாளரை ப்ராடக்ட் ஓனராகப் போட அவர்கள் சம்மதித்துவிட்டார்கள், ஆனால் வாரத்தில் அரை நாள்தான் கொடுக்க முடியுமாம். இரண்டு நாள் பதில் விதி இன்னும் பேச்சில் இருக்கிறது.

வேலையை இப்படிப் பிரிக்கலாம் என்று இருக்கிறேன்: வட்டி, விகிதம், லெட்ஜர், மைக்ரேஷன் நான்குக்கும் முழு டிசைன் முன்னாலேயே, கையெழுத்தோடு. கிளைத் திரைகள் எல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கிளையிலேயே டெமோ. நெல்லை அக்கா சொன்னபடி டெஸ்ட் முடியாமல் "டன்" இல்லை, இதை டீமிடம் சொல்லிவிட்டேன். இதில் எங்கே ஓட்டை?

நெல்லை_டெஸ்டர் | வெள்ளி இரவு 10:10

அரை நாள் போதாது தம்பி. அந்த அதிகாரியை மாற்ற முடியாவிட்டால் அவர் கீழே இருக்கும் ஒருவருக்கு, திரை அளவிலான முடிவுகளை எடுக்கும் அதிகாரத்தை எழுத்தில் வாங்குங்கள். வட்டி, பணம் சம்பந்தப்பட்டது மட்டும் அவரிடம் போகட்டும்.

மெயின்ஃப்ரேம்_மனிதர் | சனி காலை 6:41

மைக்ரேஷனை டிசைனோடு நிறுத்தாதீர்கள். அதற்கும் ஸ்பிரின்ட் போடுங்கள், அது ஒன்றில் நான் வேளச்சேரி நண்பர் கட்சி. முதல் ஸ்பிரின்ட்டிலேயே ஒரே ஒரு கிளையின் உண்மையான டேட்டாவை, பெயர்களை மறைத்துவிட்டு, எடுத்து ஏற்றிப் பாருங்கள். ஒரே ஆளுக்கு மூன்று வாடிக்கையாளர் எண் இருக்கும், முடிந்த கடனில் நாலணா பாக்கி நிற்கும், 1900 ஜனவரி 1 என்று பிறந்த தேதி வரும். வட்டியில் பழைய சிஸ்டம் ஒவ்வொரு மாதமும் ரூபாய்க்கு முழுதாக்குகிறதா, கடைசியில் ஒரே முறையா என்று யாருக்கும் நினைவிருக்காது, எந்த ஆவணத்திலும் இருக்காது. பழையதையும் புதியதையும் ஒரே கடனுக்கு அருகருகே ஓட்டி, வித்தியாசம் வரும் ஒவ்வொரு கணக்கையும் ஏன் என்று எழுதிவைத்தால்தான் வெளியே வரும்.

தரவுப்பூச்சி சொன்ன சுமைச் சோதனையும் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். எல்லாக் கிளைகளும் சாயங்காலம் ஒன்றாக நாள் முடிவுக் கணக்கை ஓட்டும் அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்கு ஆபத்து. பாதித் திரைகள் தயாரானதும் ஒரு தடவை, கோ-லைவுக்கு இரண்டு மாதம் முன்னால் இன்னொரு தடவை. சர்வர் வாங்க வேண்டுமென்றால் கிளையன்ட்டின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டுக்கு அவ்வளவு நாளாவது வேண்டும்.

புது_லீட் | சனி காலை 7:20

கிளை டேட்டாவுக்கு இன்றே மெயில் போடுகிறேன் சார். லீகலிலிருந்து பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.